நாலாம் நம்பர் இடம்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியானால் ஹேமாவதிக்கு அடுப்படியில் கை ஓடாது. எதிர்வீட்டுத் தமிழ்மாறனின் ஜீப் மலையிலிருந்து இறங்கி வரும் நேரம் அது. ஜீப் வந்துவிட்டால், வாரம் முழுக்க ஐந்தாம் நம்பர் இடத்தில் சமர்த்தாக நின்றிருந்த அவர்களுடைய வெள்ளைக் கார் அங்கிருந்து கிளம்பும். கிளம்பி எங்கே போகும்? பக்கத்திலிருக்கும் நாலாம் நம்பருக்கு வரும். நாலாம் நம்பர் ஹேமாவதியின் இடம்.

தேனியில் பெரியகுளம் சாலையை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் மேலே பன்னிரண்டு வீடு, அடியில் பன்னிரண்டு கார் நிறுத்தும் இடம். வீடு வாங்கும்போதே அவள் கணவன் வேல்பாண்டி கேட்டான்: "நம்மகிட்ட இருக்கது ஒரு பைக்கு, ஒரு ஸ்கூட்டி. காருக்கு எடம் எதுக்கு?"

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வாங்க மாட்டமா?" என்று மல்லுக்கு நின்று ஹேமாவதிதான் வாங்க வைத்தாள். அந்த 'நாளை' மூன்று வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. அவளும் விடுவதாக இல்லை. வெறும் தரையைத் தினமும் கூட்டிப் பெருக்கி வைத்தாள். ஒருநாள் அங்கே கார் வந்து நிற்கும், அது சிவப்பாக இருக்கும், முன்சீட்டில் தான் உட்கார்ந்திருப்போம் என்பதெல்லாம் அவள் மனதில் எப்போதோ முடிவாகிவிட்ட விஷயங்கள்.

வந்து நின்றது நதியாவின் கார்.

நதியாவின் கணவன் தமிழ்மாறனுக்கு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். திங்கட்கிழமை விடியற்காலை ஜீப்பில் மலையேறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். வேல்பாண்டிக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் காயைச் சல்லடையில் போட்டுத் தரம் பிரிக்கும் வேலை. தமிழ்மாறன் தோட்டத்துக் காயும் அங்கேதான் வரும். அந்த வீட்டுக் காயைச் சலித்துச் சலித்து இந்த வீட்டுக்காரன் சட்டையில் வாசம் ஏறியதுதான் மிச்சம் என்று ஹேமாவதி நினைப்பாள்.

சித்திரையில் கார் வாங்கிய புதிதில் நதியா வாசலில் வந்து நின்று கேட்டாள். "அக்கா, ரெண்டு நாளைக்கு வண்டிய உங்க எடத்துல விட்டுக்கிறட்டுமா? சும்மாதான கெடக்கு?"

சும்மாதானே கிடக்கிறது. அந்த ஒரு வார்த்தை ஹேமாவதியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "அதுக்கென்ன நதியா, தாராளமா விட்டுக்க" என்று வாய் சொல்லிவிட்டது. அந்த இரண்டு நாள் முடிந்து, இப்போது ஐப்பசியும் பிறந்துவிட்டது.

நதியாவே ஓட்டுவாள். ஒரே வீச்சில் பின்பக்கமாக வந்து இரண்டு தூண்களுக்கு நடுவே அளந்து வைத்தமாதிரி நிறுத்துவாள். இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சாவியை அமுக்குவாள். 'கீக் கீக்' என்று பூட்டிக்கொள்ளும். மேலே பால்கனியில் நின்று பார்க்கும் ஹேமாவதிக்கு அந்தச் சத்தத்தில் அடிவயிற்றில் தீக்குச்சி கிழித்ததுபோல இருக்கும். திட்டுவதற்கு வசதியாக நதியா திமிர் பிடித்தவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். அதுவும் இல்லை. பார்க்கும்போதெல்லாம் அக்கா, அக்கா என்று சிரித்தாள்.

ஹேமாவதி நேராகச் சண்டைக்குப் போகிறவள் இல்லை. முதலில் கோலம் போட்டாள். சனிக்கிழமை மதியமே நாலாம் நம்பர் முழுக்க அடைத்துப் புள்ளிக் கோலம். காரின் நாலு சக்கரமும் தாமரைகளின் மேல் ஏறி நின்றன. அடுத்த வாரம் நடுவில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தாள். காவல்காரர் மொக்கைச்சாமி அவற்றைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "காரு வர்ற எடத்துல தொட்டி வச்சா ஒடஞ்சு போகும்ல ஆத்தா" என்று அவளுக்கே புத்தி சொன்னார்.

"நீங்க போயி ஒரு வார்த்த கேளுங்க" என்று கணவனை நெருக்கினாள்.

வேல்பாண்டி சட்டையைக் கழற்றி உதறினான். "அவுக சரக்கு எங்க கடைக்கு வருது. மொதலாளி காதுக்குப் போனா எனக்கு நல்லாவா இருக்கும்? உனக்கு அந்த எடத்துல என்னதான் ஆகணும்?"

என்ன ஆகவேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தீபாவளிக்கு வெள்ளையடிக்க வந்த பெயின்டரைப் பிடித்து, நாலாம் நம்பர் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு முழ எழுத்தில் எழுத வைத்தாள்: '4 - வேல்பாண்டி, ஹேமாவதி.' இனி ஊர் உலகத்துக்கே தெரியும், நதியாவுக்கும் உறைக்கும் என்று நினைத்தாள். அன்று சாயங்காலமே கார் வந்து அந்த எழுத்துக்குக் கீழே கச்சிதமாக நின்றது. நதியா இறங்கி நிமிர்ந்து படித்துவிட்டு, "பேரு அழகா எழுதிருக்காகக்கா" என்று பால்கனியைப் பார்த்துச் சிரித்தாள்.

வினை மறுநாள் காலையில் வந்தது, பத்திரிகைத் தாம்பாளத்தோடு.

ஜெயமங்கலத்திலிருந்து அவள் அண்ணன் முத்துக்கருப்பனும் மதினி பாண்டீஸ்வரியும் மகளுக்குக் காதுகுத்து என்று சொல்ல வந்திருந்தார்கள். அண்ணன் வீட்டில் கார் வந்து இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் மதினி வாயைத் திறந்தால் கார்தான். சளி பிடித்தாலும், "ஏசியப் போட்டு வந்தேன்ல, தொண்டையக் கட்டிக்கிருச்சு" என்றுதான் சொல்வாள். அவர்களை வரவேற்க ஹேமாவதி இறங்கி வந்தபோது அண்ணன் நாலாம் நம்பருக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான். சுவரைப் பார்த்தான், காரைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான்.

"ஏத்தா ஹேமா! காரு வாங்கிருக்க, அண்ணங்காரனுக்கு ஒரு வார்த்த சொல்லல?"

'ஐயோ அண்ணே, அது எங்களுது இல்ல' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது மதினியின் முகம் கண்ணில் பட்டுவிட்டது. பாண்டீஸ்வரி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தாள். தன் காரைவிட ஒரு முழம் நீளம் என்று அவள் கண்ணே அளந்து முடித்திருந்தது. முகம் கறுத்துச் சுண்டிப்போயிருந்தது. தன்னைப் பார்த்து ஒரு மனுஷி வயிறெரிவதை ஹேமாவதி பிறந்ததிலிருந்து அன்றுதான் பார்க்கிறாள். அது இத்தனை ருசியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. திறந்த வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"இதுல சொல்றதுக்கு என்ன மதினி இருக்கு? ஒரு வண்டிதான?"

அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை போட மறந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் போனபிறகு வேல்பாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "ஏன்டி, ஊரான் வண்டிக்குப் போயி..." என்றான். அவள் காதில் விழவில்லை. மூன்று நாள் அவள் தரையில் நடக்கவில்லை. படியிறங்கும்போது ஐந்தாம் நம்பரில் நிற்கும் காரைப் பார்த்தால், சொந்தக்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு வாஞ்சைகூட வந்தது.

புதன்கிழமை அண்ணன் போன் போட்டான்.

"வர்ற ஞாயித்துக்கெழம காலையில சீர் கொண்டுட்டு வர்றோம்த்தா. அப்பா ஆத்தா இருந்தா செய்ய மாட்டாகளா? நான் இருக்கேன்ல? தோட்டத்துல நல்ல பூசணிக்காயாப் பாத்து அறுத்து வச்சிருக்கேன்."

ஹேமாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது. கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்கு வண்டி என்று ஒன்று வந்தால், முதல் பூசணிக்காயைப் பிறந்த வீட்டார்தான் சுற்றி உடைக்க வேண்டும். தாம்பாளத்தில் சேலை வைத்துக் கொடுத்து, பெண்ணை முன்சீட்டில் உட்கார வைத்து, உடன்பிறந்தவன் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். கொண்டுவந்த பூசணிக்காயை உடைக்காமல் திருப்பிக் கொண்டுபோனால் வீட்டுக்கு ஆகாது.

"அண்ணே, அது... அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப?"

போனுக்குப் பின்னாலிருந்து பாண்டீஸ்வரியின் குரல் கேட்டது. "நெசமாவே வாங்குனாகளான்னு நல்லாக் கேளுங்க. அவுக இருக்க இருப்புக்கு..."

ஹேமாவதியின் முதுகு நிமிர்ந்தது. "வாங்கண்ணே. எல்லாரும் வாங்க" என்றாள்.

நதியாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லிச் சாவியைக் கேட்க வேண்டும். சனிக்கிழமை மூன்று முறை எதிர்வீட்டு மணியை அமுக்கினாள். முதல்முறை உறைமோர் வாங்கி வந்தாள். இரண்டாம் முறை கொத்தமல்லித் தழை. மூன்றாம் முறை நதியா, "என்னக்கா, என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கு?" என்றே கேட்டுவிட்டாள். "ஒரு ஊக்கு இருந்தாக் குடேன்" என்றாள் ஹேமாவதி. எவளைப் பார்த்து ஆறு மாதம் கருகினாளோ அவளிடமே போய் 'உன் காரை என் கார் என்று சொல்லிவிட்டேன்' என்று சொல்ல நாக்கு புரளவில்லை. கடைசியில், கீழே போய் நாலாம் நம்பரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கார் தவறாமல் வந்து நிற்க வேண்டுமே என்று வீரபாண்டி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். வராமல் போகட்டும் என்று அவள் வேண்டிய அதே அம்மன்தான்.

கார் வந்து நின்றது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது. அண்ணன், மதினி, உறவுக்காரர் ஏழெட்டுப் பேர். வாழைப்பழம், வெல்லம், தேங்காய், மாலை, நாலு எலுமிச்சம்பழம், இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பூசணிக்காய். தாம்பாளத்தின் நடுவே மாம்பழக் கலரில் ஒரு பட்டுச் சேலை. அவளுக்குப் பிடித்த கலர். சின்ன வயதில் கேட்டு அழுதது அண்ணனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. கறி எடுத்து வருகிறேன் என்று ஏழு மணிக்கே போன வேல்பாண்டி திரும்பவே இல்லை.

முத்துக்கருப்பன் காரின் நெற்றியில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தான். மாலை போட்டான். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தான். பூசணிக்காயின் மேல் சூடத்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"எங்கத்தா சாவி?"

"அதான, சாவி எங்க?" என்றாள் பாண்டீஸ்வரி, கொஞ்சம் சத்தமாகவே.

அந்த நேரம் பார்த்துப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நதியா இறங்கி வந்துகொண்டிருந்தாள். விரலில் சாவி தொங்கியது. தன் காரின் நெற்றியில் சந்தனத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். மாலையைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள், சுவரில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். பிறகு ஹேமாவதியின் முகத்தைப் பார்த்தாள். ஹேமாவதிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

நதியா நேராக வந்து சாவியை அவள் கையில் வைத்தாள். "சாவிய எங்க வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீகளேக்கா."

மதினியின் முகம் விழுந்தது. மானம் தப்பித்தது. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும் ஹேமாவதிக்கு. இல்லை. கொடுப்பதிலும் இவள்தானே ஜெயிக்கிறாள் என்று அந்த நேரத்திலும் ஒரு ஓரம் எரிந்தது. சாவி கையில் கனத்தது.

அண்ணன் சூடத்தைப் பற்றவைத்துச் சுற்ற ஆரம்பித்தான். எந்தக் கண் பட்டிருந்தாலும் போகட்டும் என்று முணுமுணுத்தான். இந்தக் காரின் மேல் விழுந்த கண்களில் தன் கண்ணைவிடப் பெரிய கொள்ளிக்கண் இல்லை என்று ஹேமாவதிக்குத் தெரியும். மதினி தாம்பாளத்தைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

நதியா மேலே போகவில்லை. தூணில் சாய்ந்து நின்றாள். அவள் கண் காரின்மேல் இல்லை. தாம்பாளத்தின்மேல் இருந்தது. சேலையிலிருந்து அண்ணனின் முகத்துக்குப் போனது, திரும்பச் சேலைக்கு வந்தது. அந்தப் பார்வையை ஹேமாவதிக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதமாகப் பால்கனியில் நின்று தான் பார்த்த பார்வைதான் அது. நதியாவுக்குப் பொறாமையா? என்மேலா? ஹேமாவதிக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்வானேன், நல்ல சந்தோஷம்.

"வண்டி வாங்குனா இதெல்லாம் செய்வாகளாக்கா?" நதியா அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள். "நாங்க பைக்கு, ஜீப்பு, காருன்னு மூணு வண்டி வாங்கிட்டோம். ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுட்டு வர எனக்கு ஆளு இல்ல."

ராயப்பன்பட்டிப் பெண் அவள். வீட்டை மீறித் தமிழ்மாறனைக் கட்டிக்கொண்டவள் என்பது குடியிருப்புக்கே தெரியும். ஹேமாவதிக்கும் தெரியும். தெரிந்ததோடு சரி.  இப்போது நதியாவின் காரையும் எடுத்துக்கொண்டு, அவளுக்கு இல்லாத சீரையும் அவள் முன்னாலேயே வாங்க ஹேமாவதியால் முடியவில்லை.

"அண்ணே" என்றாள். "இது எங்க வண்டி இல்லண்ணே. இந்தா, நதியாவோடது. எங்க எடத்துல விட்டுருக்கா. அம்புட்டுதான்."

சுற்றிக்கொண்டிருந்த அண்ணனின் கை பாதியில் நின்றது.

"நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா!" என்றாள் பாண்டீஸ்வரி. கறுத்திருந்த முகம் விளக்குப் போட்டமாதிரி ஆகிவிட்டது.

முத்துக்கருப்பன் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். பூசணிக்காய் கையில். உடைக்காமல் ஊருக்குக் கொண்டுபோக முடியாது. அடுத்தவர் வண்டிக்குத் தங்கையை நிறுத்தி உடைக்கவும் முடியாது.  பிறகு நதியாவைப் பார்த்து, "ஏத்தா, உனக்குப் பொறந்த வீட்டுல வந்து உடச்சாகளா?" என்று கேட்டான்.

"பதினோரு வருசமா யாரும் பேசுறதில்லண்ணே."

"அண்ணேன்னு சொல்லிட்டேல்ல? அப்புறம் என்ன? இங்கன வந்து நில்லு."

நதியா வந்து நின்றாள். காரையும் அவளையும் சேர்த்து மூன்று சுற்று. பூசணிக்காய் நாலாம் நம்பர் தரையில் விழுந்து சிதறியது. ஹேமாவதியின் கையிலிருந்த தாம்பாளத்தை அண்ணனே வாங்கி நதியாவின் கையில் கொடுத்தான். மாம்பழக் கலர் சேலையோடு. "தீர்க்காயுசா இரு தங்கச்சி" என்றான். நதியா குலுங்கிக் குலுங்கி அழுதாள். அண்ணன் ஹேமாவதியிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, நதியாவை முன்சீட்டில் உட்கார வைத்துத் தெருமுனை வரை ஓட்டிப்போனான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

ஹேமாவதி பூசணிச் சதைக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தது சரிதான், தானேதான் செய்தாள். ஆனால் அந்தத் தங்கச்சி என்ற வார்த்தை வயிற்றுக்குள் போய் இறங்கவே இல்லை. நாற்பது வருடமாக அந்த வாயில் அந்த வார்த்தைக்கு அவள் ஒருத்திதான் சொந்தக்காரி. மதினி தோளைத் தொட்டு, "விடு ஹேமா, நீயும் ஒருநா வாங்காமலா போவ" என்று ஆறுதல் சொன்னாள். அதுதான் கொடுமையிலும் கொடுமை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஹேமாவதி கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாலாம் நம்பர் முழுக்கத் தாமரை. கடைசி இதழை இழுக்கும்போது ஜீப் வந்தது. ஐந்தாம் நம்பரிலிருந்து புறப்பட்ட கார் கோலத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிட்டது. நதியா இறங்கினாள். அந்தச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"எம்புட்டு அழகாப் போட்டிருக்கீகக்கா! மேல ஏத்த மனசு வரல. இனிமே வண்டிய ரோட்டோரத்துலயே விட்டுக்கிறேன். உங்க எடம், உங்களுக்குத்தான்."

ஆறு மாதப் போர் முடிந்தது. ஹேமாவதி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்புறம் அக்கா, நேத்து அண்ணே போன் போட்டாக. காதுகுத்துக்கு மொத நாளே வந்துரணுமாம். தோட்டத்துக் காய்கறி வேற குடுத்து விடுறேன்னாக."

"எந்த அண்ணே?"

"நம்ம அண்ணேதான்க்கா."

ஹேமாவதிக்கு நேற்று போன் வரவில்லை. முந்தாநாளும் வரவில்லை. அவள் குனிந்து கோலத்தைப் பார்த்தாள். பிறகு வலது காலால் தாமரைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்தாள்.

"வண்டிய இங்கனயே விட்டுக்க நதியா. வாரம் பூராம் விட்டுக்க. ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். ஆனா எங்க அண்ணன்கூட பேசுறதா இருந்தா எங்கிட்டச் சொல்லிட்டுப் பேசு."

நதியா சிரிக்கவில்லை. காரின் கதவைத் திறந்தாள். "சரிக்கா" என்றாள்.

கார் ஒரே வீச்சில் பின்பக்கமாக வந்து, அழிந்த கோலத்தின்மேல், அவள் பெயருக்குக் கீழே நின்றது. ஹேமாவதி அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். லைன் பிசியாக இருந்தது. காருக்குள் நதியாவின் காதில் போன் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.